பூஜ்யத்துக்கு மீசை முளைத்த வெள்ளிக்கிழமை

என் அத்தை கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. அவள் வேலை பார்க்கிற கிளினிக்கில் ஒருநாள் பிரிண்டருக்குள் காகிதம் மாட்டிக்கொண்டது. கம்பவுண்டர் பிரிண்டரை இரண்டு தட்டு தட்டினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்துவிட்டு, கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அத்தை தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, உள்ளே விட்டுக் கிளறி, கசங்கிய காகிதத்தை வெளியே இழுத்தாள். அவ்வளவுதான் அவள் செய்த பாவம். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் கரண்டில் ஓடுகிற எது நின்றாலும் அத்தைதான். முதலில் ஃபேன், பிறகு எடை பார்க்கிற மெஷின், பிறகு ஊசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ். கடைசியில் சர்வர்.

சர்வர் என்று பெரிதாகச் சொல்கிறேன். மருந்து கவுண்டருக்குக் கீழே, இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர். கிளினிக்கின் வலைத்தளம் அதற்குள்தான் குடியிருக்கிறது. அதைச் செய்து கொடுத்த வெப்சைட்காரர் ‘எந்தப் பிரச்சினையும் வராது’ என்று சொல்லிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார்.

அத்தையின் உண்மையான வேலை வேறு. வாசலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது, நம்பரைக் கூப்பிடுவது. பதினேழு வருஷம் கூப்பிட்டாள். அவள் ‘பதினெட்டு’ என்றால் பதினெட்டாம் நம்பர்க்காரர் எழுந்திருப்பது மட்டுமல்ல, எதிர்ச் சாரி சைக்கிள் கடைக்காரரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளி ஒளிந்திருந்த என்னை அவள் மேஜையை விட்டு எழுந்திருக்காமலேயே கூப்பிட்டதுண்டு. நான் போனதும் உண்டு.

போன வருஷம் அவள் தொண்டையில் ஒரு கட்டி. ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போயிற்று, போகிற போக்கில் குரலையும் கூட்டிக்கொண்டு போயிற்று. மிச்சம் இருப்பது சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். இதை நான் வீட்டில் சொன்னபோது அப்பா என் தலையில் குட்டினார். அத்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பும் காற்று இறங்குகிற சத்தம்தான்.

அதற்குப் பிறகு அவள் சீட்டு எழுத ஆரம்பித்தாள். பழைய டோக்கன் சீட்டுகளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். சொல்ல வேண்டியதை அதில் எழுதி நீட்டுவாள். என்னைத் திட்டுவதும் எழுதித்தான். பாதித் திட்டில் பேனா நின்றுவிட்டால் அவள் அதை உதறி உதறி எழுதி முடிக்கும் வரை நான் மரியாதையாக நின்று காத்திருப்பேன். ‘எருமை’ என்று மட்டும் எழுதிய சீட்டுகளே பதினொன்று இருக்கின்றன. மொத்தம் நாற்பத்தொரு சீட்டுகளை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கோடு எனக்கு உறவு முறிந்துவிட்டதால் பாக்ஸ் சும்மாதான் கிடந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

குரல் போனவள் நம்பரை எப்படிக் கூப்பிடுவாள்? அதற்கும் வழி கண்டுபிடித்தாள். காத்திருக்கிற கூடத்தின் சுவரில் ஒரு பழைய டிவியை மாட்டினாள். அதில் கிளினிக்கின் டோக்கன் பக்கம் ஓடும். இப்போது எந்த நம்பர் உள்ளே போகலாம் என்று முழம் நீளத்துக்கு ஓர் எண், அவ்வளவுதான். பத்து நொடிக்கு ஒருமுறை பக்கம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து வருகிறவர்களும் போனில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்பலாம். அத்தை மேஜையில் பட்டனை அழுத்தினால் போதும், குரல் வேண்டாம்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எண் காணாமல் போகும். மூன்று நொடி சுவரில் வெறும் நீலம். பிறகு எண் வரும். மூன்று நொடிதானே என்று உங்களுக்குத் தோன்றும். வாரத்துக்கு மூன்று நாள் ரத்த அழுத்தம் பார்க்க வருகிற ரிடையர்ட் கணக்கு வாத்தியாருக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்குக் கணக்கில் முட்டை போட்ட அதே வாத்தியார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, ‘மூணு புள்ளி ரெண்டு, மூணு புள்ளி அஞ்சு’ என்று நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பார். டாக்டர் பார்க்கும்போது அவருடைய அழுத்தம் ஏறியிருக்கும். காரணம் டிவி என்பார்.

மற்றவர்கள் குறிக்கவில்லை, சண்டை போட்டார்கள். நீலத்தைப் பார்த்ததும் தன் நம்பர் வந்துவிட்டுப் போய்விட்டது என்று ஒருவர் எழுந்து ஓடுவார். நம்பரே முடிந்துவிட்டது என்று இன்னொருவர் கதவைப் பிடிப்பார். இந்த மூன்று நொடிக்காகவே காத்திருந்த மாதிரி கம்பவுண்டர் மருந்து அறையிலிருந்து தலையை நீட்டி நம்பரைக் கத்துவார். அவருக்குத் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுகிற குரல். மூக்குக்குக் கீழே சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து மேலே போகிற மீசை. அத்தையின் நாற்காலி ஃபேனுக்கு நேர் கீழே, தெரு பார்த்து இருக்கிறது. மருந்து அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. ஆகவே அவர் கத்துவதன் நோக்கம் பொதுநலம் மட்டுமல்ல.

திங்கட்கிழமை டாக்டர் அத்தையைக் கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்மா. அப்பவும் இந்த சண்டை ஓயலன்னா நீங்க உள்ள போய் மாத்திரை எடுத்துக் குடுங்க. முன்னாடி கம்பவுண்டர் உக்காரட்டும்” என்றார். நல்ல மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அத்தை ஒரு சீட்டுகூட எழுதவில்லை. நான் வேண்டுமென்றே அவளுடைய செருப்பில் ஒன்றைப் பரண்மேல் ஒளித்து வைத்தேன். அதற்கும் எழுதவில்லை. ஒற்றைச் செருப்போடு நின்று வாசலைப் பார்த்தாள். நானே எடுத்துக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் லேப்டாப்பைத் திறந்தாள். பிரவுசரில் ஒரு மூலையைத் தட்டினால், பக்கம் சர்வரிடம் எதையெல்லாம் கேட்டு வாங்குகிறது என்ற பட்டியல் விரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் என்னை இழுத்து உட்கார வைத்து விரலால் காட்டினாள். பக்கம் தம்மாத்துண்டு, ஒரு நொடிகூட ஆகவில்லை. அதன் பின்னால் யானை மாதிரி ஒன்று வந்துகொண்டிருந்தது. எழுத்துரு, அதாவது ஃபாண்ட். வெப்சைட்காரர் எண்களுக்கென்று ஆடம்பரமான ஓர் எழுத்துருவை வைத்திருந்தார். அந்தக் கோப்பில் உலகத்தில் உள்ள அத்தனை மொழிக்கும் எழுத்து இருந்தது. எங்களுக்குத் தேவை பத்தே பத்து எண். அந்த யானை பத்து நொடிக்கு ஒருமுறை, வைஃபை வழியாக எக்ஸ்ரே அறையின் ஈயத் தகடு போட்ட சுவரைத் தாண்டி, செத்துப் பிழைத்து டிவிக்கு வந்து சேரவேண்டும். வரும்வரை பிரவுசர் எண்ணைக் காட்டாமல் வெறும் நீலத்தோடு நிற்கும்.

ஒருமுறை வாங்கியதைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் என்ன கேடு என்று கேட்டேன். அத்தை சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். முதல் வரியிலேயே பதில் இருந்தது. மொத்தத் தளத்துக்கும் ஒரே கட்டளை: ‘எதையும் வைத்துக்கொள்ளாதே.’ டோக்கன் பக்கத்துக்கு அது சரி. பழைய நம்பரை வைத்துக்கொண்டு காட்டினால் அடிதடி ஆகிவிடும். ஆனால் வெப்சைட்காரர் அதே கட்டளையை எழுத்துருவின் தலையிலும் கட்டிவிட்டுப் போயிருந்தார். அத்தை சீட்டு எழுதினாள்: ‘நம்பர் மாறும். நம்பரோட உருவம் மாறுமா? ரெண்டுக்கும் ஒரே சட்டம் போட்டிருக்கான் பாரு, எருமை.’ அந்த எருமை நான் இல்லை என்பதை மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டேன்.

மூன்று நாள் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சர்வர் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்தாள். எழுத்துருக் கோப்புகளுக்கு மட்டும் தனிக் கட்டளை எழுத வேண்டும், ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள், நடுவில் மாறிவிட்டதா என்று வந்து கேட்கக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வருஷத்தை நொடியில் எழுத வேண்டுமாம். பெருக்கல் சரியா என்று பார்க்க வரிசையில் உட்கார்ந்திருந்த வாத்தியாரிடமே சீட்டை நீட்டினாள். அவர் லீப் வருஷமா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டியதும் மூன்று கோடியே பதினைந்து லட்சத்து முப்பத்தாறாயிரம் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்.

இந்த இடத்தில் என் தரப்பையும் சொல்லியாக வேண்டும். எழுத்துருவைத் திறந்து திருத்துகிற ஒரு மென்பொருள் அத்தையின் லேப்டாப்பில் இருந்தது. எனக்கும் கை இருந்தது. புதன்கிழமை நான்கைத் தலைகீழாகத் திருப்பி சர்வரில் போட்டேன். பத்து நொடியில் டிவியில் நான்கு சிரசாசனம் செய்தது. பழையதைத் திரும்பப் போட்டேன், பத்து நொடியில் காலூன்றி நின்றது. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்ப்பதற்குள் தடயமே இல்லை. ‘எதையும் வைத்துக்கொள்ளாதே’ என்ற கட்டளை என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஐந்தரை மணி இருக்கும். எண் ஒன்பது. டிவி நீலமானது. கம்பவுண்டர் தலையை நீட்டி “பத்து” என்று கத்தினார். ஒன்பதும் பத்தும் ஒரே நேரத்தில் கதவில் மோதிக்கொண்டன. பத்தாம் நம்பர் அம்மாவின் கைப்பை அறுந்து சில்லறை தரையில் உருண்டது. கம்பவுண்டர் கூடத்துக்கே கேட்கிற மாதிரி, “வாய் இல்லாதவங்களை வாசல்ல உக்கார வெச்சா இப்படித்தான்” என்றார்.

அத்தை பேனாவை மேஜைமேல் வைத்தாள். எழுந்து போய், சர்வருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கீபோர்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கிளினிக் மூடியபிறகு போடலாம் என்று வைத்திருந்த கட்டளையை அப்போதே போட்டாள். எனக்கு அது தெரியாது. நான் கூடத்தின் கடைசி பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்து, அதே ஐந்தரை மணிக்கு, அதே ஒரு வாக்கியத்துக்காக, பூஜ்யத்துக்கு மீசை வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கண், ஒரு ஹேண்டில்பார் மீசை. சொந்த அம்மாவே அடையாளம் கண்டுகொள்வார்.

சர்வரில் போட்டேன். சுவரில் பத்து வந்தது. பூஜ்யம் மீசையோடு கூடத்தைப் பார்த்தது. அம்மா மடியிலிருந்த ஒரு குழந்தை மட்டும் கைகொட்டியது. பெரியவர்கள் சில்லறை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது போதும். ஆறு நிமிஷத்தில் பழைய கோப்பைத் திரும்பப் போட்டேன். சுவரில் பதினொன்று. பூஜ்யம் இல்லை, ஆகவே மீசையும் இல்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்குப்பின் நடந்ததுதான் அதிசயம். பதினொன்று மறையவில்லை. பன்னிரண்டும் மறையவில்லை. பக்கம் பத்து நொடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டேதான் இருந்தது, எண் மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றது. வாத்தியார் கடிகாரத்தைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று பார்த்தார். யாரும் கதவுக்கு ஓடவில்லை. கம்பவுண்டர் இரண்டு முறை தலையை நீட்டி, கத்துவதற்கு எதுவும் கிடைக்காமல் உள்ளே போனார். அத்தை நாற்காலியில் சாய்ந்து ஸ்டேப்ளரால் மேஜையை ஒரு தட்டு தட்டினாள். குரல் போனபிறகு அவள் போட்ட முதல் சத்தம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு இருபது வந்தது.

மீசை. முழம் நீளத்துக்கு. கூடம் மொத்தமும் டிவியைப் பார்த்தது, பிறகு மருந்து அறை வாசலில் நின்ற கம்பவுண்டரைப் பார்த்தது, மறுபடி டிவியைப் பார்த்தது. அவர் கை தானாக மீசைக்குப் போயிற்று. அப்போது எழுந்த சிரிப்பில் எக்ஸ்ரே அறைக் கதவு அதிர்ந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பழைய கோப்பு சர்வரில் இருக்கிறது, நானே போட்டேன். பின்னே இது எங்கிருந்து வருகிறது?

கம்பவுண்டர் டாக்டரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் அத்தை பட்டனை அழுத்தியிருந்தாள். சுவரில் இருபத்தொன்று, துடைத்து வைத்த மாதிரி. டாக்டர் டிவியைப் பார்த்தார், கம்பவுண்டரைப் பார்த்தார்.

“என் மூஞ்சி சார். நம்பர்ல என் மூஞ்சி வந்துச்சு.”

“நீங்க பி.பி. பாத்து எத்தனை நாள் ஆச்சு?”

“முப்பது வரட்டும் சார். காட்டறேன். டிவியே கெட்டுப்போச்சு, இதை நம்பி நாங்க எப்படி வேலை பாக்கறது?”

டாக்டர் பெருமூச்சு விட்டு, முப்பது வரும்போது கூப்பிடச் சொன்னார். அன்றைக்கே எதையும் முடிவு செய்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை மறுபடி தரையில் உட்கார்ந்து, நடுநடுவே எழுந்து போய்ப் பட்டனை அழுத்திவிட்டு வந்து, சர்வரைத் தோண்டினாள். எழுத்துருக் கோப்பைத் திறந்தாள். பூஜ்யம் சுத்தமாக இருந்தது. சர்வரில் மீசை இல்லை, சுவரில் இருக்கிறது. அவள் முகம் வெளுத்தது. தன் கட்டளைதான் எதையோ கெடுத்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். இருபத்துமூன்றாம் நம்பர் உள்ளே போனபோது அமைப்புக் கோப்பைத் திறந்து, தான் எழுதிய வரியை அழிக்க விரலைக் கொண்டுபோனாள். அழித்தால் மீசை போகும், நீலம் திரும்ப வரும். நீலம் வந்தால் அவள் ஜன்னல் இல்லாத அறைக்குப் போவாள். நான் இத்தனை நாள் செய்த எந்தக் குறும்பையும் ஒப்புக்கொண்டதில்லை. கொள்கையாகவே வைத்திருந்தேன்.

“அத்தை, அழிக்காதீங்க. நான்தான். பத்தாம் நம்பர் ஓடறப்போ ஆறு நிமிஷம் மீசை ஃபாண்டைப் போட்டு வெச்சிருந்தேன். அப்புறம் எடுத்துட்டேன். சத்தியமா எடுத்துட்டேன்.”

அத்தை என்னைப் பார்த்தாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். விழவில்லை. ட்யூபில் காற்று இறங்குகிற சத்தம் கேட்டது. தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. கீபோர்டு மடியிலிருந்து சரிந்து விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்துநான்காம் நம்பர் சீட்டின் பின்னால் எழுதினாள்: ‘அப்போ என் கட்டளை வேலை செய்யுதுடீ. மீசையை வாங்கி வெச்சுக்கிச்சு. ஒரு வருஷத்துக்குத் திரும்பக் கேக்காது.’

கேட்காதே என்று சொன்னாள், கேட்கவில்லை. அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? சிக்கல் என்னவென்றால், டிவியின் நினைவைக் கையால் துடைத்துவிடலாம். ஆனால் அந்த ஆறு நிமிஷத்தில் பக்கத்தைத் திறந்த போன்களை? சர்வரின் பதிவேட்டைப் பார்த்தாள். பதினான்கு போன்கள் மீசையை வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்தன. அதில் ஒன்று டாக்டருடையது. டிவி சுத்தமாக இருந்து போனில் மீசை இருந்தால் கதை கந்தல். ஒவ்வொருவர் போனையும் பிடுங்கித் துடைக்க முடியாது.

இருபத்தாறு உள்ளே போயிற்று. அத்தை பேனாவைக் கடித்தாள். பிறகு என் தலையைப் பிடித்து ஆட்டினாள், யோசனை என்னுடையது போல. அந்தப் பெயரில் உள்ள கோப்பைத்தான் பிரவுசர் ஒரு வருஷம் கேட்காது. பெயரே வேறாக இருந்தால்? அதற்கு அது புது ஆள். வாசலில் நிறுத்தி வாங்கியே ஆகவேண்டும். எழுத்துருவின் பெயரை எழுதி வைத்திருப்பது டோக்கன் பக்கம், அதை இன்னமும் யாரும் வைத்துக்கொள்வதில்லை, பத்து நொடிக்கு ஒருமுறை புதிதாக வாங்குகிறார்கள். அத்தை நல்ல எழுத்துருவை நகலெடுத்தாள். புதுப் பெயர் வைக்க வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்தில், ‘மீசை-இல்லை’ என்று தட்டினாள். பக்கத்திலும் அதையே எழுதினாள். அதோடு ஒரு சீட்டு: ‘இனிமே எது மாறினாலும் பேரை மாத்தணும். இது புத்தகத்தில் இருந்துச்சு. நான்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிட்டேன்.’

இருபத்தெட்டில் டிவி ஒரே ஒருமுறை நீலமானது. யானை கடைசியாக ஒரு தடவை சுவரைத் தாண்டி வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் அசையவில்லை.

முப்பது வந்தபோது டாக்டர் கதவில் நின்றார். கையில் போன். கம்பவுண்டர் டிவியை நோக்கிக் கை நீட்டி நின்றார், மேஜிக் செய்கிறவர் மாதிரி. மூன்று, பக்கத்தில் பூஜ்யம். கோழி முட்டை மாதிரி மழமழவென்று. டாக்டர் போனைப் பார்த்தார், அதிலும் முட்டைதான். நீட்டிய கையைக் கம்பவுண்டர் மெதுவாக இறக்கினார். வாத்தியார் தன் நோட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினார். பதினொன்றிலிருந்து முப்பது வரை, இருபத்தெட்டில் ஒருமுறை தவிர, எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் நொடி. என் மதிப்பெண் பட்டியலுக்கு அப்புறம் அவர் அத்தனை பூஜ்யம் எழுதியது அன்றுதான்.

டாக்டர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். கூடத்தில் யாரும் கத்தவில்லை. முப்பதாம் நம்பர்க்காரர் தானாக எழுந்து வந்துகொண்டிருந்தார்.

“ஒரு மணி நேரமா ஸ்டெதாஸ்கோப்புல இதயம் மட்டும் கேக்குது. இத்தனை வருஷமா நடுவுல ‘பதினாறு, பதினேழு’ன்னும் கேட்டுட்டு இருந்துச்சு” என்றார். பிறகு கம்பவுண்டரிடம், “நீங்க உள்ளயே இருங்க. பி.பி. பாத்துக்குங்க” என்றார்.

அத்தை தலை குனிந்து பட்டனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

நான் தப்பித்தேன் என்று நினைத்தால் தவறு. மறுநாள் ஒரு சீட்டு வந்தது: ‘டாக்டர்கிட்ட நடந்ததை நான் எழுதிக் குடுத்தாச்சு. கம்பவுண்டர் பொய் சொல்லலை. போய்ச் சொல்லிட்டு வா.’ போனேன். மருந்து அறையில் ஜன்னல் இல்லாமல், ஃபேன் இல்லாமல் அவர் மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பிரித்து முடித்தார்.

“அதைக் காட்டு” என்றார் கடைசியில்.

லேப்டாப்பில் மீசைப் பூஜ்யத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். “இடது பக்க முனை இன்னும் கொஞ்சம் மேல ஏறணும்” என்றார். ஏற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அத்தை தன் மேஜையில் இருந்த பழைய டேபிள் ஃபேனை மருந்து அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். 

போன மாதம் அத்தைக்குத் தொண்டையை மறுபடி பரிசோதிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளுக்கு டோக்கன் நாற்பது. நான் ரிப்போர்ட் உறையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் டிவி. அங்கேயும் எண் மறைந்து மறைந்து வந்தது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எனக்கு எழுதினாள்: ‘நாலு நொடி. இவங்களும் வெச்சுக்கறதில்லை.’

அங்கிருந்த டாக்டர், எல்லாம் சுத்தமாக இருக்கிறது, அடுத்த வருஷம் வந்தால் போதும் என்றார். வெளியே வந்து நான் மூக்கைச் சிந்தினேன், ஜலதோஷம். அத்தை நேராக முன்மேஜைக்குப் போய் நின்றாள். அங்கே இருந்த அம்மாவிடம் காற்றுக் குரலில் கேட்டாள், “உங்க சர்வரை யார் பாக்கறாங்க?”

அந்த அம்மா சலித்துக்கொண்டார். “நான்தாங்க. ஒருநாள் பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சு…”

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்பதாம் நம்பர் சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.